அமெரிக்க ரெசிடென்சி மேட்ச்: ரேங்க் லிஸ்ட் போடுவது எப்படி?

ரெசிடென்சி என்பது டாக்டர் பட்டம் பெற்றவர்கள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பெறும் சிறப்புப் பிரிவுப் பயிற்சி. யாருக்கு எந்த இடம் என்று கணினி பொருத்துவதுதான் மேட்ச். அதற்கு நாம் விருப்ப வரிசையில் தரும் பட்டியல்தான் ரேங்க் லிஸ்ட். பிப்ரவரி வந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றுதான். "அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில இன்டர்வியூ நல்லாத்தான் போச்சு. ஆனா கிடைக்கும்னு நம்பிக்கை இல்ல. அதை முதல்ல போட்டு கிடைக்காம போனா, ரெண்டாவதா போட்ட இடமும் கைய விட்டுப் போயிடுமா?"

போகாது. ஏன் போகாது என்று காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், அந்தப் பயம் திரும்பி வராது. ஸ்டெப் தேர்வுகள் (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள்), ஈராஸ் (ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் இணையச் சேவை) விண்ணப்பம், இன்டர்வியூ எல்லாம் முடித்து, பட்டியல் போட உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: மேட்சுக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள்

ஈராஸில் விண்ணப்பித்தாலே மேட்சில் சேர்ந்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஈராஸ் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. மேட்சை நடத்துவது என்ஆர்எம்பி என்ற அமைப்பு. அதன் ஆர்3 தளத்தில் தனிக் கணக்கு, தனிக் கட்டணம். இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள், ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழுக்கு (வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான தகுதிச் சான்று) வேண்டிய தேர்வுகள் அனைத்தையும் ரேங்க் லிஸ்ட் கெடுவுக்குள் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேட்சில் இடமில்லை. கண் மருத்துவத்துக்கும் யூராலஜிக்கும் வேறு மேட்ச். அவை இங்கே வராது.

படி 2: கணினி என்ன செய்கிறது என்று கையால் போட்டுப் பாருங்கள்

நீட் கவுன்சிலிங் பழக்கத்தில் வருகிறவர்களுக்குக் குழப்பம் தொடங்குவது இங்கேதான். எனக்கும் இது பிடிபட நாளானது. அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே தரவரிசை. மேலே இருப்பவர் முதலில் எடுப்பார். இங்கே பொதுத் தரவரிசையே கிடையாது. ஒவ்வொரு புரோகிராமும் (ஓர் ஆஸ்பத்திரியின் ரெசிடென்சி பயிற்சித் திட்டம்) தான் விரும்பும் ஆட்களைத் தன் வரிசையில் அடுக்குகிறது, நீங்கள் விரும்பும் புரோகிராம்களை உங்கள் வரிசையில் அடுக்குகிறீர்கள். உங்கள் பட்டியல் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடையது உங்களுக்குத் தெரியாது.

மூன்று பேர், மூன்று புரோகிராம், தலா ஒரு சீட் என்று வைத்துக்கொள்வோம்.

கவிதாவின் வரிசை: புரூக்ளின், டெட்ராய்ட், ஹூஸ்டன்.
இர்ஃபானின் வரிசை: புரூக்ளின், ஹூஸ்டன்.
மீராவின் வரிசை: டெட்ராய்ட், புரூக்ளின்.

புரூக்ளின் விரும்புவது: மீரா, இர்ஃபான், கவிதா.
டெட்ராய்ட் விரும்புவது: கவிதா, மீரா.
ஹூஸ்டன் விரும்புவது: கவிதா, இர்ஃபான்.

மீராவிலிருந்து தொடங்குவோம். டெட்ராய்டைக் கேட்கிறார். சீட் காலி, அவர் பெயரும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. தற்காலிகமாக உட்கார்கிறார். இர்ஃபான் புரூக்ளினைக் கேட்கிறார். அவரும் தற்காலிகமாக உள்ளே. அடுத்து கவிதா. முதலில் புரூக்ளின். அங்கே இர்ஃபான் இருக்கிறார், புரூக்ளினுக்கு கவிதாவைவிட இர்ஃபான் மேல். இடமில்லை.

இப்போது கவனியுங்கள். கவிதா தன் இரண்டாவது விருப்பமான டெட்ராய்டுக்குப் போகிறார். அங்கே மீரா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார், அதுவும் டெட்ராய்டைத் தன் முதல் விருப்பமாகப் போட்டவர். ஆனால் கணினி அதைப் பார்ப்பதே இல்லை. டெட்ராய்டின் பட்டியலில் யார் மேலே என்று மட்டும் பார்க்கிறது. கவிதா மேலே, ஆகவே கவிதா உள்ளே, மீரா வெளியே. மீரா புரூக்ளினுக்குப் போகிறார். அங்கே இர்ஃபானைவிட மீரா மேல். இர்ஃபான் எழுந்து ஹூஸ்டனுக்குப் போகிறார், சீட் காலி, சேர்கிறார். இனி நகர யாருமில்லை. இந்த நிலையில்தான் தற்காலிகம் நிரந்தரமாகிறது.

புரூக்ளினை முதலில் கேட்டதால் கவிதா எதையாவது இழந்தாரா? பயந்துபோய் டெட்ராய்டை முதலில் போட்டிருந்தாலும் இதே டெட்ராய்ட்தான். ஒருவேளை புரூக்ளின் அவரை மேலே வைத்திருந்தால், பயத்தில் மாற்றிய வரிசைதான் அந்த இடத்தைப் பறித்திருக்கும். இன்னொன்றும் பாருங்கள்: இர்ஃபான் புரூக்ளினை மட்டும் போட்டு நிறுத்தியிருந்தால், சீட்டே இல்லாமல் நின்றிருப்பார். கீழே கூடுதலாகச் சேர்க்கும் இடம் மேலே உள்ள வாய்ப்பைக் குறைக்காது.

1940களில் ஆஸ்பத்திரிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு மாணவர்களைப் பிடிக்கப் போட்டி போட்டன. யோசிக்கக்கூட அவகாசம் தராமல் பதில் கேட்டன. அதற்கு முடிவு கட்டத்தான் 1952இல் முதல் மேட்ச் நடந்தது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962இல் இதன் கணிதத்தை எழுதினார்கள். ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் திருத்தியமைத்த முறை 1998 மேட்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. நமக்கு முக்கியமான மாற்றம் அதில்தான் வந்தது: மேலே பார்த்ததுபோல், முதலில் கேட்பவர் புரோகிராம் அல்ல, விண்ணப்பதாரர் என்றானது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

படி 3: வரிசையை அமையுங்கள்

மதிப்பெண் போட்டுக் கூட்டித் தரும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். "ஊர் 20 சதவீதம், ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய மேற்பயிற்சி) 30 சதவீதம்" என்று போட்டால் வரும் தொகை துல்லியமாகத் தெரியும். அந்தச் சதவீதங்கள் நாமே ஊகித்தவை. இன்டர்வியூ முடிந்த அன்றிரவே ஒரு நோட்டில் அரைப் பக்கம் எழுதி வையுங்கள். ரெசிடென்ட்கள் முகம் எப்படி இருந்தது, நைட் டூட்டி எத்தனை, எந்த விசா. பிறகு இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள்: இரண்டு இடத்திலிருந்தும் இன்று கடிதம் வந்தால் எதற்குப் போவேன்? அந்த ஒரு கேள்வி போதும்.

விசாவைக் கட்டாயம் நோட்டில் குறியுங்கள். ஜே-1 என்றால் படிப்பு முடிந்து இரண்டு வருடம் நாடு திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். ஹெச்-1பி என்றால் ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும். சில புரோகிராம்கள் ஒன்றை மட்டும்தான் தருகின்றன.

"உங்களை உயரத்தில் வைக்கப்போகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் சந்தோஷப்படுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். அது வாக்குறுதி ஆகாது. போக மனமே இல்லாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மேட்ச் முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்.

படி 4: குறியீட்டைச் சரிபாருங்கள்

ஆர்3இல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒன்பது இடக் குறியீடு உண்டு. ஈராஸில் பார்த்த எண் வேறு. இன்டர்னல் மெடிசினுக்கு (பொது மருத்துவம்) 140சி0 என்று முடிந்தால் மூன்று வருடமும் அங்கேதான். 140பி0 என்று முடிந்தால் அது பிரிலிமினரி, ஒரு வருடம் மட்டும். ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டும் இருக்கும், பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் தடத்துக்கு (மூன்று வருடமா, ஒரு வருடமா) உங்களை இன்டர்வியூ செய்தார்கள் என்று அழைப்புக் கடிதத்தைத் திறந்து பார்த்து, குறியீட்டின் கடைசி இரண்டு இடங்களையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

படி 5: சர்டிஃபை

சேமித்தால் போதாது. சர்டிஃபை செய்து (அதாவது, இதுதான் என் இறுதிப் பட்டியல் என்று உறுதிசெய்து), நிலை 'சர்டிஃபைட்' என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். கெடு கிழக்கு அமெரிக்க நேரம் இரவு 9 மணி. நமக்கு மறுநாள் காலை 7:30. இந்தக் கணக்கை நம்பிக் கடைசி இரவுவரை இழுக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே சர்டிஃபை செய்துவிடுங்கள். பிறகு மனம் மாறினால் திருத்தலாம்; திருத்தினால் மறுபடி சர்டிஃபை செய்ய வேண்டும்.

மார்ச்சில் மேட்ச் வாரத் திங்கட்கிழமை சீட் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும். எந்த இடம் என்பது வெள்ளி மதியம், நமக்கு இரவு 9:30. கிடைக்காதவர்களுக்கு அந்த வாரமே காலியாக நிற்கும் இடங்களை நிரப்பும் 'சோப்' என்ற முறை உண்டு. அதில் புரோகிராம்கள் தொடர்புகொள்ளும் முன் நீங்களாக அழைக்கக் கூடாது, அது விதிமீறல்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்ததால் சேர்க்கிறேன்.

கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்றால் ஜோடியாகப் பட்டியல் தரலாம். ஒவ்வொரு வரியும் ஒரு ஜோடி இடம். இருவருக்கும் சேர்ந்து அமைந்தால்தான் அந்த வரி செல்லும். "ஒருவருக்கு மட்டும் கிடைத்தாலும் பரவாயில்லை" என்ற வரிகளையும் கடைசியில் சேர்க்க வழியுண்டு. சேர்ப்பதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

அடுத்தது மயக்கவியல், ரேடியாலஜி, நியூராலஜி. இவற்றில் 'அட்வான்ஸ்டு' இடங்கள் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். முதல் ஆண்டுக்கான பிரிலிமினரி இடங்களை, அந்த அட்வான்ஸ்டு இடத்துக்கு அடியில் துணைப் பட்டியலாக இணைக்க வேண்டும். அட்வான்ஸ்டு கிடைத்தால் மட்டுமே கணினி துணைப் பட்டியலைத் திறக்கும். அட்வான்ஸ்டு கிடைக்காவிட்டாலும் ஒரு வருடமாவது வேலை செய்யத் தயார் என்பவர்கள், அதே பிரிலிமினரி இடங்களை முதன்மைப் பட்டியலின் அடியிலும் இன்னொரு முறை போடுங்கள்.