கேசட்டை இரவல் கேட்டால் என்ன செய்வது?

கடையில் வாங்கிய கேசட் தொலைந்தால் அலைந்து திரிந்து இன்னொன்று பிடித்துவிடலாம். அகில இந்திய வானொலியின் சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சியை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பதிந்த கேசட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. ஆகவே என் வீட்டுச் சட்டம் இது: மூலம் வாசற்படி தாண்டாது, நகல் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நகலெடுப்பது பெரிய வித்தை இல்லை. டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். ஆனால் பல வருடம் பெட்டியில் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் பாடவிடாதீர்கள். கடைசிவரை ஒருமுறை முன்னோக்கிச் சுற்றி, திரும்பவும் பின்னோக்கிச் சுற்றினால் நாடாவின் இறுக்கம் சீராகும். டேப் ரிக்கார்டரில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். சி-90, அதாவது இரு பக்கமும் சேர்த்து 90 நிமிடக் கேசட் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். நானே ராகம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அதில் எனக்குக் குறையில்லை. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். அது உங்களுக்கு. கேட்டவருக்கு எம்பி3 ஆக்கிப் பென் டிரைவில் கொடுங்கள். பென் டிரைவ் திரும்பாது. போகட்டும்.

“கேசட்டில் கேட்டால்தான் சுகம்” என்று அடம்பிடிப்பவருக்கு மூலத்தையே கொடுக்க நேர்ந்தால், முதலில் அதன் பல்லைப் பிடுங்குங்கள். நாடா தெரியும் வாய்ப்பகுதியைக் கீழே பார்க்க வைத்துக் கேசட்டைப் பிடித்தால், மேல் விளிம்பின் இரு ஓரங்களிலும் சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். இடப்பக்கத் தகடு, உங்களைப் பார்க்கும் பக்கத்துக்கானது, மற்றது பின்பக்கத்துக்கு. ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினால் ‘டக்’ என்று உடையும். பிறகு ரிக்கார்ட் பொத்தான் அமுங்காது. இதைச் செய்யாமல் கொடுத்த என் சித்தப்பாவின் கேசட் ஒன்றில், காம்போதி ஆலாபனையின் நடுவே ஒரு பையன் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்க்கிறான். நன்றாகத்தான் பேசுகிறான். அந்தத் துளையில் செலோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

எல்.பி. எனப்படும் இசைத்தட்டு கேட்பவரிடம், “எதில் போடுவீர்கள்? ஊசி எப்போது மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில்கூடப் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பதில் திக்கினால் தட்டு கிடையாது. வெயிலில் நிற்கும் காரில் வைப்பவருக்கும் கிடையாது; அக்னி நட்சத்திரத்தில் தட்டு அப்பளமாக நெளிந்துவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டை யாருக்குமே கொடுக்காதீர்கள். கைதவறினால் மிஞ்சுவது சில்லுதான்.

நண்பரிடம் மறுப்பது எளிது. சம்பந்தியிடம்? “அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், காபியோடு கேட்போம்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது இசை இல்லை. வருகிறவர்களோடு சிநேகம் வளர்கிறது.

கொடுத்தே ஆக வேண்டிய நாளில் நோட்டில் பெயர், தேதி, கேசட்டின் எண் மூன்றையும் அவர் கண்ணெதிரே எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம், நூலகத்தில் செய்வதுதானே. “ஸ்பீக்கர் மேலே வைக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது” என்றும் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும், அவர் செருப்பை மாட்டும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்: சரியான கேசட்தானா, வாயின் நடுவிலுள்ள கம்பளித் துண்டு விழுந்துவிட்டதா, நாடா தொங்குகிறதா. தொங்கினால் பற்சக்கரத்தில் பென்சிலைச் செருகி மெல்லச் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகே டேப் ரிக்கார்டரில் போடுங்கள்.