நானோ இன்சுலின் எண்டு சொல்லி நாங்க விடுற பிழையள்

போன கிழமை உப்புவெளி மாமி வட்சப்பில வந்த வீடியோ ஒண்டைக் காட்டி, "தம்பி, சீனி கூடினா தானாத் திறக்கிற நானோ இன்சுலின் வந்திட்டுதாமே, இனி ஊசி தேவையில்லையாமே?" எண்டு கேட்டா. முதல் பிழையே அதுதான். நானோ இன்சுலின் எண்டா, இன்சுலின மிகச் சின்னத் துணிக்கையளுக்க அடைச்சு, ரத்தத்தில சீனி கூடேக்க மட்டும் வெளிய விடப் பாக்கிறது. சீனிக்கேத்தபடி இன்சுலின் விடுற யோசனை 1979இலயே பிரவுன்லீ, செராமி எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் எழுதினது, ஆனா பார்மசியில வாங்கிற மாதிரி இன்னும் வரேல்ல, வீடியோவ நம்பி ஊசிய நிப்பாட்டிப் போடாதேங்கோ.

கம்பசில ப்ரொஜெக்ட் செய்யிற பிள்ளையள் விடுற பிழை வேற. இன்சுலின் 51 அமினோ அமிலம் கோத்த ஒரு புரதம், மடிப்புச் சரியா இருந்தாத்தான் மருந்து. மடிப்புக் குலைஞ்சா அனேகமா அவிச்ச முட்டை மாதிரித்தான், லேசில திரும்பப் பச்சையாகாது. துணிக்கை செய்யேக்க கரைப்பான ஊத்தி அல்ட்ராசவுண்டும் குடுத்துப்போட்டு, கடைசியில எத்தின வீத இன்சுலின் வெளிய வந்தது எண்டு மட்டும் அளந்து கிராஃப் கீறினாச் சரியோ? வந்தது உயிரோட வந்ததோ செத்து வந்ததோ, எண்டா மடிப்புக் குலையாம வேலை செய்யுதோ எண்டெல்லோ பாக்கோணும்.

சீனிய உணர வைக்கிறதுக்கு குளுக்கோஸ் ஒக்சிடேஸ் எண்ட நொதியம் போடுவினம். அது சீனிய அமிலமாக்கும், அமிலம் துணிக்கையத் திறக்கும். நல்ல வேலைதான், ஆனா கூடவே ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் உண்டாகும், அது உள்ள இருக்கிற இன்சுலினையே பழுதாக்கலாம், அதால அந்தப் பெரொக்சைட்ட உடைக்கிற கட்டலேஸ் எண்ட நொதியமும் சேத்துப் போடுறவை இருக்கினம். நொதியத்துக்குப் பதிலா சீனியோட ஒட்டிக்கொள்ளுற ஃபீனைல்போரோனிக் அமிலம் எண்ட இரசாயனத்தைப் பாவிச்சா வேற கரைச்சல், சாதாரணமா அது pH (அமிலமோ காரமோ எண்டு காட்டிற அளவு) 9 பக்கம்தான் சீனிய நல்லாப் பிடிக்கும், எங்கட ரத்தம் 7.4. காரக் கரைசலில ரெஸ்ட் பண்ணிப்போட்டு வெற்றி எண்டு எழுதக் கூடாது. ரத்தத்துக்க போன உடன மற்றப் புரதங்கள் துணிக்கையில பாசி மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதையும் சேத்துத்தான் பாக்கோணும்.

என்னைக் கேட்டா, பெரிய பிழை திறக்கிறதை மட்டும் பாக்கிறதுதான். இரவு கொத்து சாப்பிட்டுச் சீனி ஏறுது, துணிக்கை திறக்குது, சரி. சீனி இறங்கின பிறகும் மூடாம இன்சுலின விட்டுக்கொண்டே இருந்தா விடியக்காலம சீனி விழுந்து ஆள் மயங்கிக் கிடப்பார்.

இதெல்லாம் சொல்லிப்போட்டு மாமின்ர பிரிஜ்ஜத் திறந்தா, புது இன்சுலின் போத்தல் ஐஸ்பெட்டிக்குள்ள, மீனுக்குப் பக்கத்தில. திறக்காத இன்சுலின் 2இலயிருந்து 8 பாகைக்குள்ள இருக்கோணும், உறைஞ்சா எறியத்தான் வேணும். "காசெல்லோ தம்பி" எண்டா, பிறகு தானே எடுத்துக் குப்பை வாளிக்குள்ள போட்டா.