மஞ்சள் கரிசலாங்கண்ணியை இனங்கண்டு நடும் முறை

திருநெல்வேலிப் பகுதியில் மஞ்சள் கரிசலாங்கண்ணியை வளர்க்க விரும்புவோர், மண்ணையும் தொட்டியையும் தேடுவதற்கு முன் செடியைச் சரியாக இனங்காண வேண்டும். ஏனெனில் இதே பெயரில் வேறொரு செடி பல வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் அழகுக்காகத் தரையில் படரவிடப்படும் அச்செடி, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. நம் நாட்டுக்குரியது ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பழைய நூல்களில் வெடேலியா என்றிருக்கும். இரண்டுமே சூரியகாந்திக் குடும்பத்தவை, இரண்டிலும் பூ மஞ்சள்தான் என்பதால், பூவை மட்டும் பார்த்து முடிவுசெய்வது வீண். அயல்செடியின் இலையில் இருபுறமும் மடல் பிதுங்கி, இலை மூன்றாகப் பிரிந்ததுபோல் தோன்றும். நம் செடியின் இலையோ மடலின்றி ஈட்டிபோல் நீண்டு, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். வயல் வரப்பில் தானே முளைக்கும் வெள்ளைக் கரிசலாங்கண்ணி இவ்விரண்டிலும் சேராது. அதன் பூவே வெள்ளை.

மஞ்சள் கரிசலாங்கண்ணி பல்லாண்டுச் செடி. தண்டு தரையைத் தொடும் கணுக்களிலெல்லாம் வேர்விடுவதால், விதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுகளை வெட்டி, அடிக்கணு இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு சாய்த்து ஊன்றினால் போதும். சந்தையில் வாங்கிய கீரைக்கட்டு வாடாமலிருந்தால், அதிலுள்ள முற்றிய தண்டும் பிழைக்கும். குளத்துக் கரம்பையும் (வண்டல் மண்) செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்த மண், ஈரத்தைப் பிடித்து வைக்கும். புரட்டாசியில் நட்டால், ஐப்பசி மழை வலுப்பதற்குள் வேர் பிடித்துவிடும்.

அரை நிழலிலும் வளரும். ஆனால் வெயில் படும் இடத்தில்தான் நன்றாகப் பூக்கும். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து வாய்க்கால் வறண்ட பிறகு, சித்திரை வெயிலில் காலையும் மாலையும் நீர் ஊற்றாவிட்டால் கொடி கருகிவிடும், ஆயினும் அடிவேர் சாகாதிருந்தால் மீண்டும் துளிர்க்கும்.

கொடி தொட்டியை மூடிய பின், அடியில் நான்கு விரல் உயரம் விட்டு அறுத்து, பாசிப்பருப்புடன் கூட்டாகச் சமைக்கலாம். சாக்கடையோரம் வளர்ந்ததை மட்டும் உண்ணப் பறிக்கலாகாது.

தவறி அயல்செடியை வாங்கியிருந்தால், பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள். ஒரு கணு கரையில் ஒதுங்கினாலும் அங்கே வேர்விட்டுப் படரும். மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயும்வரை பரப்பி வைத்த பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும்.