அக்ராய்டு குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி?

ஸ்மித், டெய்லர் போன்ற தொழிற்பெயர்கள் இங்கிலாந்து முழுக்கத் தனித்தனியே முளைத்தவை. அவற்றின் மூலத்தைத் தேடுவது வீண் வேலை. இடப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம். யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்து அக்ராய்டு அந்த வகை: ஓக் மரக்காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள்.

1. இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

ஹாலிஃபாக்ஸ் ஆலை அதிபர் எட்வர்டு அக்ராய்டிலிருந்து (1810–1887) கீழே இறங்கி வந்து உங்கள் ஆளோடு ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். பெயர் ஒன்று என்பதால் உறவாகிவிடாது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் தொடங்குங்கள். இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 முதல் உண்டு. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். ஹாலிஃபாக்ஸுக்கு அருகிலுள்ள ஹெப்டன்ஸ்டால் பக்கத்துப் பிறப்புகள் டாட்மார்டன் பதிவு மாவட்டத்தில் வரும். ஹாலிஃபாக்ஸில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

2. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

1921, 1911 என்று பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள். 1851 கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் எழுதியிருக்கும். அடுத்த படிக்கு அதுதான் சாவி. 1841 கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டோர் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார்.

3. எழுத்து மாறும்

அக்ராய்டு, ஏக்ராய்டு, எக்ராய்டு எல்லாம் ஒரே பெயரின் வடிவங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும் தேடுதளங்களின் சவுண்டெக்ஸ் முறை முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஏ (A) எழுத்தில் தேடினால் ஈ (E) எழுத்தில் தொடங்குபவர்கள் சிக்க மாட்டார்கள். ஈ (E), ஓ (O), ஹெச் (H) என்று தனித்தனியாகவும் தேடுங்கள்.

4. தேவாலயப் பதிவேடு

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பதிவேடு வைக்கும்படி 1538இல் ஆணை பிறந்தது. ஹாலிஃபாக்ஸில் அந்த ஆண்டிலிருந்தே இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. 1690 மே மாதம் திருமணம், 1690 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் குழப்பம் வேண்டாம்: அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1691. குறிப்பில் 1690/91 என்றே எழுதுங்கள்.

ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் மூன்று ஜான்கள் இருப்பார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் அடக்கப் பதிவைப் பாருங்கள்; நீங்கள் கொள்ளுத்தாத்தா என்று நினைத்தவர் இரண்டு வயதிலேயே இறந்திருக்கலாம். இணையத்தில் மற்றவர் போட்ட வம்சமரங்களில் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது. அதற்கும் தீராவிட்டால் உயில். 1858க்கு முந்தைய யார்க் உயில்கள் அந்நகரத்து போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிள்ளைகள், மருமகன்கள் எல்லாரையும் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டும் ஆவணம் அது.

5. 1538க்கு முன்

யார்க்ஷயரின் மேற்குப் பகுதியான மேற்கு ரைடிங்கின் 1379ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியலும், 1274 முதல் உள்ள வேக்ஃபீல்டு பண்ணை நீதிமன்றச் சுருள்களும் கைகொடுக்கும். எல்லாம் லத்தீன். பெயர் எந்த ஊரில் இருந்தது என்று தெரியவரும். தந்தை–மகன் சங்கிலி அறுபடாமல் வருவது அபூர்வம்.

ஆண்வழி ஒய் டிஎன்ஏ சோதனை இரண்டு கிளைகள் சேருமா என்று பார்க்க உதவும். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை பெரும்பாலும் தாயின் பெயரையே தாங்கியது. அந்த இடத்தில் பெயர் தொடரும், டிஎன்ஏ மாறிவிடும்.

கடைகளில் விற்கும் 'குடும்பச் சின்னம்' வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான். குடும்பப் பெயருக்கென்று ஒன்று கிடையாது.