சிங்குவே தெர்ரே: ஐந்து கடலோரச் சிற்றூர்களுக்கு ஒருநாள் பயணம் திட்டமிடும் முறை

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியா கடற்கரையில், மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இடத்தில் மொன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்னும் ஐந்து சிற்றூர்கள் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக அமைந்துள்ளன. இவை சேர்ந்ததே சிங்குவே தெர்ரே. 1997இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இப்பகுதி, 1999இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ரயிலில் சில நிமிடங்களே ஆவதால், ஒரே நாளில் ஐந்திலும் கால் பதித்துவிடலாம். ஆனால் அவ்வாறு செய்பவர்கள் நாளின் பெரும்பகுதியை நடைமேடைகளில் காத்திருந்தே கழிக்கிறார்கள். மூன்று அல்லது நான்கு ஊர்கள், ஒரு மலைப்பாதை நடை, கடல் அமைதியாக இருந்தால் ஒரு படகுப் பயணம் என்று திட்டமிடுவதே ஒரு நாளுக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வாயில் நகரத்தைத் தீர்மானிக்க வேண்டும். கிழக்கே லா ஸ்பெட்சியா, மேற்கே லெவாந்தோ ஆகிய இரண்டுக்கும் நடுவே, ஐந்து ஊர்களிலும் நின்று செல்லும் சிங்குவே தெர்ரே எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஓடுகின்றன. பீசா, புளோரன்ஸ் பக்கமிருந்து வருபவர்களுக்கு லா ஸ்பெட்சியாவும், ஜெனோவாவிலிருந்து வருபவர்களுக்கு லெவாந்தோவும் வசதி. புளோரன்ஸிலிருந்து வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும், பீசாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். மிலானிலிருந்து வர மூன்று மணி நேரம் என்பதால், அங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முந்தைய இரவே லா ஸ்பெட்சியாவில் தங்கிவிடுவது நல்லது. காரில் வருபவர்களும் வண்டியை அந்நகரிலேயே நிறுத்திவிட வேண்டும். ஊர்களுக்குள் வெளியூர் வண்டிகளுக்கு இடமில்லை, மலைச்சாலைகளும் மிகக் குறுகலானவை.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. வேலைநிறுத்தம் வார வேலைநாளில் நடந்தால், அன்றும் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் உறுதியாக ஓடும். எனவே, தேதியை முடிவு செய்யும்போதே அந்த அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை, பூங்கா நிர்வாகம் இரண்டு வகை அட்டைகளை விற்கிறது. ஒன்று, கட்டணமுள்ள மலைப்பாதைகளில் நடக்க மட்டுமே உதவும். மற்றது, அத்துடன் லா ஸ்பெட்சியாவுக்கும் லெவாந்தோவுக்கும் இடையே நாள் முழுவதும் வேண்டிய அளவு ரயிலில் ஏறி இறங்கவும் உதவும். விலை பருவத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். மூன்று, நான்கு முறை ரயிலேறி, ஒரு பாதையிலும் நடக்க எண்ணுபவர்களுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. படகுக் கட்டணம் இந்த அட்டையில் அடங்காது. காகிதச் சீட்டோ அட்டையோ வாங்கினால், ரயிலேறுமுன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறக்கக் கூடாது; முத்திரையில்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு.

இனி நாளின் வரிசை. லா ஸ்பெட்சியாவிலிருந்து எட்டு மணிக்கு முன்பே புறப்பட்டு, இடையிலுள்ள ஊர்களில் இறங்காமல், நேரே கடைசி ஊரான மொன்தெரோஸ்ஸோவுக்குச் சென்றுவிடுங்கள். சுற்றுலாக் குழுக்கள் பத்து மணியளவில் வந்து சேரும்போது நீங்கள் மலைமேல் இருக்க வேண்டும். ஐந்தில் நீண்ட மணற்கடற்கரை உள்ள ஒரே ஊர் இதுதான். குளிப்பதே நோக்கமென்றால் நாள் முழுவதையும் இங்கேயே கழிக்கலாம். அப்படிச் செய்பவர்கள் எதையும் இழந்துவிடுவதில்லை.

மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நீளமுடையது. நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். தூரம் குறைவென்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. தொடக்கத்திலேயே செங்குத்தான கற்படிகள் மூச்சு வாங்க வைக்கும், சில இடங்களில் இருவர் எதிரெதிரே கடக்க ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆயினும், இப்பயணத்தின் உயிர் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. இருபுறமும் திராட்சை, எலுமிச்சை, ஆலிவ் தோட்டங்கள் படிப்படியாக ஏறிச் செல்வதையும், அந்தப் படிகளைத் தாங்கி நிற்கும் சுவர்கள் சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டப்பட்டிருப்பதையும் அருகிலிருந்து காணலாம். நூற்றாண்டுகளாக உழவர்கள் கையால் கட்டிய இச்சுவர்கள் மழைநீரைக் கசியவிட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்கின்றன. தோட்டங்கள் கைவிடப்பட்டால் சுவர்கள் சரிந்து, அவற்றோடு சரிவும் இறங்கிவிடும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் மண்ணும் சேறும் மொன்தெரோஸ்ஸோவிலும் வெர்னாட்ஸாவிலும் புகுந்து உயிர்ச்சேதம் விளைவித்ததை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். ஆகவே சுவர்களின் மேல் ஏறுவதையும் அமர்வதையும் தவிர்ப்பது நம் கடமை. பிடிப்பான அடிப்பாகமுள்ள மூடிய காலணி கட்டாயம்; செருப்பணிந்து நடப்பவர்களுக்கு அபராதம் விதிக்க விதியுண்டு. வானிலை எச்சரிக்கை வரும் நாட்களில் பாதைகள் மூடப்படுவதால், புறப்படும் காலையில் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாதை இறங்கும்போது வெர்னாட்ஸாவின் சிறு துறைமுகமும், அதன்மேல் நிற்கும் பழைய கோட்டைக் கோபுரமும் மேலிருந்தே தெரியும். நண்பகல் உணவுக்கு இவ்வூர் பொருத்தமானது. உணவகத்தில் அமர்ந்தால், உணவின் விலையோடு தலைக்கு ஒரு சிறு இருக்கைக் கட்டணமும் சேரும். அதைத் தவிர்க்க விரும்புபவர்கள் ஃபொக்காச்சா ரொட்டியையோ, கொண்டைக்கடலை மாவில் சுடும் ஃபரினாத்தாவையோ கடையில் வாங்கித் துறைமுகப் படிகளில் அமர்ந்து உண்ணலாம். ஃபரினாத்தாவில் மாவு, நீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டுமே சேர்வதால் சைவ உணவினருக்கும் ஏற்றது. மீன் உண்பவர்கள் மொன்தெரோஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலியைச் சுவைக்காமல் திரும்பக் கூடாது.

கொர்னீலியா மட்டும் கடலோரத்தில் இல்லாமல் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே படகு நிற்காது. ரயில் நிலையத்திலிருந்து முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், இல்லையேல் சிறு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். காலையில் மலை நடந்தவர்கள் இதை விட்டுவிடலாம்.

பிற்பகலில் வெர்னாட்ஸாவிலிருந்து படகில் ரியோமஜ்ஜோரேவுக்குச் செல்லுங்கள். ரயில் பாதை பெரும்பாலும் சுரங்கங்களுக்குள் செல்வதால், இவ்வூர்கள் பாறையைப் பற்றி நிற்கும் விதத்தைக் கடலிலிருந்துதான் முழுமையாகக் காண முடியும். படகுகள் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரையே ஓடும். அலை எழுந்தால் நிறுத்தப்படும் என்பதால் ரயிலை மாற்றாக மனத்தில் வைத்திருங்கள். ரியோமஜ்ஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் வியா தெல்லாமோரே என்னும் கடலோரப் பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ளது. 2012இல் பாறை சரிந்து சிலர் காயமடைந்ததால் மூடப்பட்டு, 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்குத் தனிக் கட்டணமும், நேரம் குறித்த முன்பதிவும் தேவை. பிற்பகலின் பிற்பகுதியில் நேரம் பெற்றால், மாலை வெளிச்சத்தில் மனரோலாவை அடையலாம். அங்கே கடலை நோக்கி நின்றால் துறையின் வலப்புறம் ஏறும் பாதையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும்.

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பரும் இப்பயணத்துக்கு உகந்த காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் நெரிசலும் மலைநடையைத் துன்பமாக்கும். திரும்பும் ரயிலைக் காலையிலேயே குறித்து வையுங்கள். இரவு நெருங்க நெருங்க ரயில்களின் இடைவெளி கூடும். புளோரன்ஸுக்கோ பீசாவுக்கோ இணைப்பு ரயில் பிடிப்பவர்கள், லா ஸ்பெட்சியாவில் குறைந்தது அரை மணி நேரம் மிச்சமிருக்கும்படி மனரோலாவிலிருந்து புறப்பட வேண்டும்.