பனிப்போரின் தொடக்கத்தை நாள்வாரியாகப் படிக்கும் முறை

"பனிப்போருக்கு யார் காரணம்?" என்ற கேள்வியோடு புத்தகத்தைத் திறந்தால், சில பக்கங்களுக்குள் ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவோம். பிறகு படிப்பதெல்லாம் அந்தக் கட்சிக்குச் சாட்சி தேடுவதாகவே போகும். கேள்வியை மாற்றுங்கள்: குறிப்பிட்ட ஒரு நாளில் மாஸ்கோவுக்கு என்ன தெரியும், வாஷிங்டனுக்கு என்ன தெரியும்?

பெரிய தாள் ஒன்றில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: நாள், சோவியத் செய்தது, மேற்குத் தரப்பு செய்தது, அன்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்தது. 1944 அக்டோபரில் தொடங்கி 1949 அக்டோபரில் நிறுத்துங்கள். இருபத்தைந்து வரிகள் போதும். பலரும் நான்காவது கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது. 1945 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் நடந்த மாநாட்டில், எங்களிடம் புதிய பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சோவியத் தலைவர் ஸ்டாலினிடம் அமெரிக்க அதிபர் ட்ரூமன் சொன்னார். அணுகுண்டு என்று சொல்லவில்லை. ஸ்டாலினுக்கோ உளவாளிகள் மூலம் ஏற்கெனவே தெரியும். இதைக் குறித்து வைக்காவிட்டால், ஸ்டாலின் திகைத்துப்போனார் என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

முதல் வரி, 1944 அக்டோபர், மாஸ்கோ. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஒரு துண்டுத்தாளில் ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதச் செல்வாக்கு, கிரீஸில் பிரிட்டனுக்கு 90 சதவீதம் என்று எழுதி நகர்த்துகிறார். ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு குறி போட்டுத் திருப்பித் தருகிறார். அந்தத் தாளில் போலந்து இல்லை. நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டிலும் (1945 பிப்ரவரி) பின்னரும் போலந்துதான் முள்ளாகக் குத்தியது. யால்டாவில் சுதந்திரத் தேர்தல் என்று வாக்குறுதி எழுதினார்கள். அதை மேற்பார்க்க யாரையும் நியமிக்கவில்லை. நாட்டுக்குள் இருந்ததோ சோவியத் படை. "யால்டாவில் ஐரோப்பாவைக் கோடு போட்டுப் பிரித்தார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஜெர்மனியை வென்ற நாடுகள் பிரித்து ஆள்வதற்கான மண்டலங்களை 1944 செப்டம்பரிலேயே லண்டனில் வரைந்துவிட்டார்கள்.

அதிக நேரத்தை ஜெர்மனியின் பணக்கணக்குக்குக் கொடுங்கள். பாடநூல்கள் சித்தாந்தத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்து, இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. போரில் ஏறக்குறைய 2.7 கோடிப் பேரை இழந்த சோவியத் நாடு ஜெர்மனியிடம் போர் இழப்பீடு கேட்டது. 2,000 கோடி டாலர், அதில் பாதி சோவியத்துக்கு என்பதை யால்டாவில் பேச்சுக்கான அடிப்படையாக ஏற்றார்கள். பாட்ஸ்டாமில் அது அவரவர் மண்டலத்திலிருந்து எடுப்பதாகச் சுருங்கியது. மேற்கு மண்டலங்களிலிருந்து கழற்றும் உபரித் தொழிற்சாலைச் சாதனங்களில் 15 சதவீதம் உணவு, நிலக்கரிக்கு மாற்றாகவும் 10 சதவீதம் இலவசமாகவும் சோவியத்துக்குப் போக வேண்டும். தன் மண்டலத்துக்குச் சோறு போடத் தானே பணம் கொடுத்துக்கொண்டு, இயந்திரங்களைக் கிழக்கே அனுப்புவது அமெரிக்காவுக்குக் கசந்தது. 1946 மே மாதம் அமெரிக்க மண்டலத்தை நிர்வகித்த ஜெனரல் க்ளே அனுப்புவதை நிறுத்தினார். 1948 ஜூன் 20 அன்று மேற்கு மண்டலங்களில் புதிய மார்க் வந்தது; தலைக்கு முதலில் 40 மார்க். நான்கே நாளில், மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளைச் சோவியத் அடைத்த பெர்லின் முற்றுகை.

ஆவணங்களை இணையாகப் படியுங்கள். 1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி கென்னன் அனுப்பிய நீண்ட தந்தி ஒருபுறம், அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று வாஷிங்டனிலிருந்து சோவியத் தூதர் நோவிகோவ் அனுப்பிய தந்தி மறுபுறம். எதிராளி விரிவாக்க ஆசைக்காரன் என்று இரண்டுமே சொல்கின்றன. ஆனால் நோவிகோவின் தந்தி 1990இல்தான் வெளியானது. அதை அமெரிக்க முடிவுகளுக்குக் காரணமாகக் காட்டக் கூடாது.

வரிசை பிசகுவது வழக்கமான தவறு. ஐரோப்பாவுக்குப் பொருளாதார உதவித் திட்டத்தை முன்வைத்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷலின் உரை 1947 ஜூன் 5, அதைப் பற்றிய பேச்சைக் கைவிட்டுச் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பாரிஸை விட்டு வெளியேறியது ஜூலை 2, கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான காமின்ஃபார்ம் செப்டம்பர், செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக்கில் கம்யூனிஸ்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்பு 1948 பிப்ரவரி. பிராக் நிகழ்ச்சி மார்ஷல் திட்டத்துக்குக் காரணமல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தில் திட்டம் விரைவாக நிறைவேற உதவியது, அவ்வளவே. அதேபோல் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ 1949 ஏப்ரல் 4, சோவியத் அணுகுண்டுச் சோதனை ஆகஸ்ட் 29. குண்டுக்குப் பதிலாக நேட்டோ பிறந்தது என்று எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு நாட்களைத் திரும்பச் சரிபாருங்கள்.

இன்னொன்று: இலங்கைத் தமிழ் நூல்களில் பனிப்போருக்குக் "கெடுபிடிப் போர்" என்று பெயர். இணையத்தில் தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுப் பாருங்கள்.