சாரல் நாட்டுக்கு ஒரு சிறிய கேமரா: லென்ஸ் முதலில், பாடி பிறகு

செங்கோட்டைப் பக்கத்தில் கேமரா வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) வாங்கலாம்?" என்றே தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எதை, எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் தோளில் தொங்கும் சுமையையும் படத்தின் தன்மையையும் பெரிதும் தீர்மானிப்பது லென்ஸ்தான். பாடி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்ட லென்ஸ் அடுத்த பாடியிலும் அதற்கடுத்த பாடியிலும் உழைக்கும்.

சிறிய கேமரா என்றால் சிறிய பாடி என்று நானும் ஒருகாலத்தில் நம்பினேன். கையடக்கமான ஒரு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடியை வாங்கி, அதில் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டேன். புளியரை தாண்டி ஆரியங்காவு மலைச்சாலையில் அரை நாள் நடந்தபோது, முன்பக்கம் கனத்துத் தொங்கிய அந்த லென்ஸ் மணிக்கட்டை வலிக்கச் செய்தது. அடுத்த முறை அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்குக் கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தின்மீது ரயில் வந்தபோது என்னிடம் கைபேசி மட்டுமே இருந்தது. அதன் பிறகுதான், தெரிந்த மளிகைக் கடையின் மின்தராசில் பாடியையும் லென்ஸையும் சேர்த்து வைத்து எடை பார்க்கும் பழக்கம் வந்தது. தராசின் தட்டில் பருப்புத் தூள் ஒட்டியிருக்கும் என்பதால் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ள வேண்டும்.

எடையைச் சேர்த்தே கணக்கிடுங்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சோனி ஏ6400 பாடி 403 கிராம், முழுச் சட்ட சென்சார் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள, ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட சோனி ஏ7சி 509 கிராம். வேறுபாடு ஏறத்தாழ நூறு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் முதலாவதில் 116 கிராம் எடையுள்ள 16-50 மி.மீ. மடக்கு ஜூமும், இரண்டாவதில் 663 கிராம் எடையுள்ள 24-105 எஃப்4 லென்ஸும் மாட்டினால், ஒன்று அரைக் கிலோவைச் சற்றே தாண்டும், மற்றது ஒரு கிலோ நூற்றெழுபது கிராமைத் தாண்டும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் விளம்பரங்களைப் படிக்கும்போது ஏமாற மாட்டீர்கள். லென்ஸின் மில்லிமீட்டர் அளவை (குவியத் தூரத்தை) அதன் எஃப் எண்ணால் (எண் சிறிதானால் ஒளி கூடும்) வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். 300 மி.மீ., எஃப்4 லென்ஸுக்கு அது 75 மி.மீ.; அவ்வளவு அகலமான கண்ணாடி இல்லாமல் அந்த லென்ஸைச் செய்யவே முடியாது. ஒலிம்பஸ் போன்ற கேமராக்களில் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் 17.3 x 13 மி.மீ. மட்டுமே என்பதால், அதில் 150 மி.மீ. லென்ஸே முழுச் சட்டத்தின் 300 மி.மீ. பார்வைக் கோணத்தைத் தந்துவிடும், எஃப்4க்கு 37.5 மி.மீ. வாயில் போதும். ஒலிம்பஸின் 40-150 ஜூம் 190 கிராமில் முடிந்துபோவதற்கும், ஏறத்தாழ அதே கோணங்களைத் தரும் சோனியின் முழுச் சட்ட 70-300 ஜூம் 854 கிராம் கனப்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுச் சட்ட சென்சாரின் பரப்பில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ஆகவே ஒரே எஃப் எண்ணில் இருட்டில் எடுத்தால் இரைச்சல் புள்ளிகள் முன்னதாகவே தெரியத் தொடங்கும், பின்னணியும் அவ்வளவு மென்மையாகக் கரையாது. ஏ6400இல் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சார் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஆகவே, உங்கள் படங்கள் எவை என்று பாருங்கள். ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்கும், மலைச்சாலைக்கும், பாலத்துக்கும் பகல் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. அங்கே எஃப்4 ஜூமோ, பானசோனிக்கின் 12-32 போன்ற 70 கிராம் லென்ஸோ குறை வைக்காது. உங்கள் படங்கள் விடியலுக்கு முன் டீக்கடை அடுப்பருகே நிற்கும் முகங்கள் என்றால், எஃப்1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வேண்டும். எஃப்4ஐவிட அது ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப்1.8 லென்ஸின் எடை 116 கிராம்தான், முகங்களுக்கு அதைவிடச் சிறிய துணையை நான் கண்டதில்லை. ஃபுஜிஃபில்ம் வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப்2 லென்ஸ் 170 கிராமில் கிடைக்கிறது. நிக்கானின் முழுச் சட்ட இஸட் 40 மி.மீ. எஃப்2 லென்ஸும் அதே 170 கிராம். முழுச் சட்டத்திலும் சிறிய பிரைம்களோடு நின்றுகொண்டால் சுமை கட்டுக்குள் இருக்கும் என்பதற்கு இந்த லென்ஸே சான்று. பெரிய ஜூமை மாட்டிய பிறகுதான் அந்தக் கட்டு உடைகிறது.

மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் பொருந்தும் வாய், திருமண உறவு போன்றது. பிறகு மாற்றுவது செலவும் வருத்தமும் தரும். கேனானின் இஓஎஸ் எம், நிக்கான் 1 ஆகிய மவுண்ட்கள் உண்மையிலேயே சிறியவை, பழைய பொருள் சந்தையில் மலிவாகவும் வரும். ஆனால் இரண்டையும் அவற்றின் நிறுவனங்களே கைவிட்டுவிட்டன, புதிய லென்ஸ் வராது. தேவையான இரண்டு லென்ஸ்களும் பாடியோடு சேர்ந்தே கிடைத்தால் ஒழிய அவற்றை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, நம் பக்கத்துக்கே உரிய கவலை சாரல். ஆனி முதல் ஆவணி வரை குற்றாலத்திலும் பாலருவியிலும் கேமராவை வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில் அதன்மேல் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்திருக்கும். ஈரத்தடுப்பு என்பது பாடிக்கு மட்டும் இருந்தால் போதாது, லென்ஸுக்கும் இருக்க வேண்டும். மேலே புகழ்ந்த 40-150க்கும் 45 மி.மீ. பிரைமுக்கும் அது இல்லை. ஒலிம்பஸ் வழிவந்த ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-5 பாடியும் 12-45 எஃப்4 புரோ லென்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 670 கிராம், இரண்டுக்கும் ஈரத்தடுப்பு உண்டு. மழைக்காலப் படங்களே முக்கியம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இணையைத்தான். ஈரத்தடுப்பு இருந்தாலும், மழையில் நின்று லென்ஸைக் கழற்றாதீர்கள்.

இந்த ஈரம்தான் பழைய லென்ஸ்களின் எமன். மலைக்கு அப்பால் ஒரு கடையில், கண்ணாடி பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பி ஒரு பிரைம் லென்ஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது உள்ளே சிலந்தி நூல்போலப் பூஞ்சை ஓடியிருந்தது, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எனவே, இரண்டு மூடிகளையும் கழற்றி, கைபேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாக அடித்து, முன்பக்கத்தின் வழியாக லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசுமே தவிரப் பூஞ்சை தெரியாது; சாய்வான ஒளியில்தான் அந்த வெண்ணிழைகள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கிளைத்திருப்பது புலப்படும். ஓரிரு தூசுகள் படத்தைக் கெடுக்கா. வாங்கிய லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சிறிய ஈரமானி ஒன்றைப் போட்டு, அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாடியைப் பற்றிச் சொல்ல இனி அதிகம் இல்லை. வெயிலில் திரை தெரியாது என்பதால் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம்) உள்ளதாகவே எடுங்கள். உள்ளமைந்த அதிர்வுத்தடுப்பு கை நடுக்கத்துக்கு உதவும், ஓடும் குழந்தைக்கு உதவாது. பேட்டரியைக் கவனியுங்கள்: ஏ6400இன் பேட்டரிக் கொள்ளளவு 1020 எம்ஏஎச், ஏ7சியினுடையது 2280. சிறிய பாடிக்கு உபரி பேட்டரி ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கடையில் பணம் கொடுக்குமுன், வாங்கப்போகும் லென்ஸை வாங்கப்போகும் பாடியிலேயே மாட்டி, வலக்கையின் சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். எஃப் எண்ணை மிகச் சிறியதாக வைத்து, எதிர்ச்சுவரை நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் மீண்டும் ஒரு முறை நேராக நின்று எடுங்கள், அப்போதும் அதே மூலை மங்கினால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.